புத்தகங்களுக்கு ஒரு நாக்-அவுட்

திருவிழா நெருங்கினால் எங்கள் பக்கம் டீக்கடைச் சுவரில் முதலில் ஏறுவது கபடி நோட்டீஸ்தான். ‘மாபெரும் மின்னொளி கபடிப் போட்டி’ என்று பெரிய எழுத்து, கீழே பரிசுத் தொகை, நுழைவுக் கட்டணம், அன்பளிப்புக் கொடுத்தவர்களின் பெயர் வரிசை. போட்டி நாள் மாலையில் மைக் செட்டுக்குப் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து அட்டையில் கோடு போட்டு ஃபிக்சர் எழுதுவார். இடது ஓரத்தில் பதினாறு அணிகள், அடுத்து எட்டுக் கோடுகள், அடுத்து நான்கு, இரண்டு, கடைசியில் ஒரே ஒரு வெற்றுக் கோடு. பாம்பனிலிருந்து சாயல்குடி வரை எந்தப் பத்து வயதுப் பையனுக்கும் அந்த அட்டையைப் படிக்கத் தெரியும். பாடப் புத்தகத்தில் ஒரு பத்தியை வாசிக்கத் திணறுபவன்கூட, யாரோடு யார், ஜெயித்தால் அடுத்து எந்த அணி, ‘பை’ (ஆடாமலே அடுத்த சுற்றுக்குப் போகும் வாய்ப்பு) யாருக்கு விழுந்தது என்று ஒரே பார்வையில் சொல்லிவிடுவான்.

அந்த அட்டையில் அணிகளின் பெயர்களை அழித்துவிட்டுக் கதைப் புத்தகங்களின் பெயர்களை எழுதினால் என்ன ஆகும் என்பதுதான் இந்தக் கட்டுரை. மண்டபத்துக்கும் உச்சிப்புளிக்கும் இடையில் ஒரு மீனவர் குடியிருப்பில், மாலை நேரத்தில் பிள்ளைகளோடு புத்தகம் படிக்கும் வேலையைச் சில ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். இந்தப் போட்டியை மூன்று கோடை விடுமுறைகளில் நடத்திப் பார்த்தாயிற்று. முதல் ஆண்டு சொதப்பியதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

முறை எளியது. இரண்டு புத்தகங்களை ஜோடி சேர்க்கிறோம். பிள்ளைகள் இரண்டையும் படிக்கிறார்கள், அல்லது யாராவது வாசிக்கக் கேட்கிறார்கள். பிறகு எது பிடித்தது என்று ஓட்டுப் போடுகிறார்கள். கூடுதல் ஓட்டு வாங்கிய புத்தகம் அடுத்த சுற்றுக்குப் போகும், மற்றது வெளியேறும். ஜெயித்தவற்றை மறுபடி ஜோடி சேர்க்கிறோம். கடைசியில் நிற்பது சாம்பியன்.

புத்தகப் போட்டி என்றதும் நம் ஊரில் நினைவுக்கு வருவது வேறு: குறள் ஒப்புவித்தல், பேச்சுப் போட்டி, கட்டுரைப் போட்டி, வினாடி வினா. அவற்றில் மோதுவது பிள்ளைகள். நாற்பது பேர் கலந்துகொண்டால் மூன்று பேர் சான்றிதழோடு வீட்டுக்குப் போவார்கள், மீதி முப்பத்தேழு பேர் கை தட்டிவிட்டுப் போவார்கள். அந்த மூன்று பேரும் பெரும்பாலும் ஏற்கெனவே நன்றாகப் படிக்கிற பிள்ளைகள். படிப்பென்றால் பயப்படுகிற பிள்ளைக்கு அந்த நாள் பயத்தை இன்னும் கொஞ்சம் உறுதி செய்துவிட்டுப் போகும். நான் சொல்லும் போட்டியில் தோற்பது புத்தகம். தோற்றால் அதற்கு வலிக்காது. பிள்ளைகள் எல்லோரும் நடுவர் நாற்காலியில் இருக்கிறார்கள். இத்தனை வருடமாகப் புத்தகம்தான் அவர்களுக்கு மார்க் போட்டுக்கொண்டிருந்தது. இப்போது அவர்கள் புத்தகத்துக்கு மார்க் போடுகிறார்கள். அந்த இட மாற்றம் செய்கிற வேலையை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

எங்கிருந்து வந்தது?

அமெரிக்காவில் கல்லூரி அணிகளுக்கான கூடைப்பந்துப் போட்டி ஒன்று ஒவ்வொரு மார்ச் மாதமும் நடக்கும். 1939-இல் எட்டு அணிகளோடு தொடங்கியது, 1985-இல் 64 அணிகளாக வளர்ந்தது, 2011-இல் 68 ஆனது. நாடே அந்த ஃபிக்சரை அச்சடித்து வைத்துக்கொண்டு யார் ஜெயிப்பார்கள் என்று முன்கூட்டியே எழுதிப் பார்க்கும். இதைப் பார்த்து ‘தி மார்னிங் நியூஸ்’ என்ற இணைய இதழ் 2005-இல் நாவல்களுக்கு ஒரு நாக்-அவுட் தொடங்கியது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு நடுவர். அவர் இரண்டு நாவல்களையும் படித்துவிட்டு, எதை ஏன் தேர்ந்தெடுத்தேன் என்று பெயர் போட்டு எழுத வேண்டும். பரிசுக்குச் ‘சேவல்’ என்று பெயர் வைத்ததிலிருந்தே தெரியும், இலக்கியப் பரிசுகளின் முறுக்கைக் கொஞ்சம் கேலி செய்யத்தான் தொடங்கினார்கள். 2009-இல் ‘ஸ்கூல் லைப்ரரி ஜர்னல்’ என்ற பள்ளி நூலகர்களின் இதழ் அதையே பிள்ளைகளின் புத்தகங்களுக்குச் செய்தது. அப்புறம் வகுப்பறைகளுக்கும் பரவிவிட்டது.

நமக்குக் கூடைப்பந்து தேவையில்லை. கபடி இருக்கிறது, தொண்டிப் பக்கம் பாய்மரப் படகுப் போட்டி இருக்கிறது. ஜெயிப்பு தோற்பு பற்றி மணிக்கணக்கில் வாக்குவாதம் செய்யும் பழக்கம் இந்தக் கரைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

எத்தனை புத்தகம், எத்தனை ஆட்டம்?

ஒரு கணக்கு மட்டும் தெரிந்தால் போதும். நாக்-அவுட்டில் ஒவ்வோர் ஆட்டத்திலும் ஒன்று வெளியேறும், கடைசியில் ஒன்று மிஞ்சும். ஆகவே ஆட்டங்களின் எண்ணிக்கை, புத்தகங்களின் எண்ணிக்கையைவிட ஒன்று குறைவு. எட்டுப் புத்தகம் என்றால் 7 ஆட்டம், பதினாறு என்றால் 15. இதைப் பிள்ளைகளிடம் சொல்லாமல் கேள்வியாகக் கேட்டுப் பாருங்கள். முதலில் சுற்று சுற்றாகக் கூட்டுவார்கள். ஒருவர் திடீரென்று “ஒன்னு கழிச்சா போதும்!” என்று கத்துவார். அதற்காகவே கேட்கலாம்.

எண்ணிக்கை 4, 8, 16 என்று அமையாவிட்டால் ‘பை’ கொடுக்க வேண்டும். பதினொரு புத்தகம் இருக்கிறது என்று வையுங்கள். ஆறு புத்தகங்கள் முதல் சுற்றில் மூன்று ஆட்டம் ஆடும், ஐந்து புத்தகங்கள் ஆடாமலே அடுத்த சுற்றுக்குப் போகும். மூன்றும் ஐந்தும் எட்டு. அதற்குப் பிறகு சிக்கல் இல்லை. கபடியில் பை யாருக்கு என்பது சீட்டுக் குலுக்கலில் தீரும். புத்தகத்தில் நான் குலுக்குவதில்லை. பக்கம் அதிகமுள்ள புத்தகங்களுக்குப் பை கொடுத்துவிடுகிறேன், அவற்றைப் படித்து முடிக்கக் கூடுதலாகச் சில நாட்கள் கிடைக்கும்.

முதல் முறை செய்பவர்கள் எட்டுக்கு மேல் போக வேண்டாம். பதினாறு என்று பெருமைக்கு ஆரம்பித்தால் மூன்றாவது வாரத்தில் உங்களுக்கே மூச்சு வாங்கும்.

எந்தப் புத்தகங்கள்?

கையில் பணம் இல்லையென்றால் முதலில் பக்கத்துக் கிளை நூலகத்தையோ ஊர்ப்புற நூலகத்தையோ பாருங்கள். நேஷனல் புக் டிரஸ்ட், சில்ட்ரன்ஸ் புக் டிரஸ்ட் இரண்டும் 1957-இலிருந்து இயங்குபவை, இவற்றின் தமிழ்ப் புத்தகங்கள் விலை குறைவு. ‘பிரதம் புக்ஸ்’ 2015-இல் தொடங்கிய ‘ஸ்டோரிவீவர்’ இணையதளத்தில் தமிழ்ப் படக்கதைகளை இலவசமாகவே இறக்கி அச்செடுத்துக்கொள்ளலாம், அதற்கு உரிமமும் உண்டு. அரசுப் பள்ளிகளுக்கு ‘வாசிப்பு இயக்கம்’ மூலம் வந்த சிறு நூல்கள் நுழை, நட, ஓடு, பற என்று நிலை பிரித்தே இருக்கின்றன. ஜோடி சேர்ப்பதற்கு இது பெரிய வசதி. இரண்டு ‘நட’ புத்தகங்களை மோத விட்டால் இரண்டும் ஒரே எடை.

கரைக்காரர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. உப்புக் காற்றில் ஸ்டேப்ளர் பின் சீக்கிரம் துருப்பிடித்துத் தாளைத் தின்றுவிடும். அச்செடுத்த கதைகளை வலை நூலால் தைத்துவிடுங்கள். எங்கள் ஊரில் வலை பின்னும் கூடத்தில் உட்கார்ந்திருந்த ஒரு தாத்தாவிடம் கொடுத்தோம். அரை மணி நேரத்தில் இருபது புத்தகம் தைத்துக் கொடுத்தார். கடையில் வாங்கியது பிரிந்துபோனது, அவர் தைத்தது இன்னும் இருக்கிறது.

பட்டியல் போடுவதில் நான் செய்த முதல் தவறு, அப்துல் கலாம் பற்றிய ஒரு சிறு நூலைச் சேர்த்தது. ராமேஸ்வரம் பக்கத்தில் வேறென்ன செய்யத் தோன்றும்? இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ராமேஸ்வரத்தில் ரயில் நிற்காது. ஓடும் ரயிலிலிருந்து வீசப்படும் பத்திரிகைக் கட்டுகளைச் சேகரிக்கும் வேலையைச் சிறுவன் கலாம் பார்த்தார். எங்கள் பிள்ளைகளுக்கு அந்தக் கதை மனப்பாடம். பிரச்சினையே அதுதான். அந்த நூலுக்கு எதிராக ஒரு கைகூட உயரவில்லை. எதிரில் இருந்த குரங்குக் கதையைப் படிக்கும்போது விழுந்து விழுந்து சிரித்த பிள்ளைகள், ஓட்டு என்றதும் முகத்தை நேராக்கிக்கொண்டு கலாமுக்குப் போட்டார்கள். மரியாதைக்குரிய புத்தகம் உள்ளே வந்தால் பிள்ளைகள் பொய் சொல்லத் தொடங்கிவிடுவார்கள். தோற்கக்கூடிய புத்தகங்களை மட்டும் சேருங்கள். சாமி, மதம் சார்ந்தவற்றுக்கும் இதே விதி. என்னைச் சில பிள்ளைகள் அக்கா என்பார்கள், முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகள் லாத்தா என்பார்கள். அந்தக் கூட்டத்தில் ஒருவர் புனிதமாக நினைப்பதை ஓட்டுக்கு விட எனக்குத் துணிச்சல் கிடையாது, தேவையும் இல்லை.

முதல் சுற்றில் ஒரே வகையை ஒரே வகையோடு மோத விடுங்கள். கடல் கதைக்குக் கடல் கதை, சிரிப்புக்குச் சிரிப்பு. ஒப்பிட எளிதாக இருக்கும். கால் இறுதிக்கு மேல் ஆமையும் ராக்கெட்டும் எதிரெதிரே நிற்கும். அப்போதுதான், நமக்கு ஏன் ஒரு புத்தகம் பிடிக்கிறது என்ற கேள்வியே பிள்ளைகளுக்கு வரும்.

ஒரே ஒரு விதி

இரண்டையும் படித்தவர் அல்லது கேட்டவர் மட்டும் ஓட்டுப் போடலாம். இந்தப் போட்டியின் உயிர் இந்த விதியில் இருக்கிறது. இதைத் தளர்த்தினால் அட்டைப் படம் அழகாக இருக்கிற புத்தகம் ஜெயிக்கும், அல்லது கூட்டத்தில் குரல் உயர்ந்தவனின் புத்தகம் ஜெயிக்கும். தனக்குப் பிடித்த புத்தகத்தை ஜெயிக்க வைக்க வேண்டுமானால் எதிரிப் புத்தகத்தையும் படித்தாக வேண்டும். ஒரு புத்தகம் படிக்க வந்தவரை இரண்டு படிக்க வைக்கிற தந்திரம் இது.

படித்தார்களா என்று எப்படித் தெரியும்? பரீட்சை வைத்தீர்களோ, எல்லாம் போச்சு. நான் ஒரே கேள்வி கேட்பேன்: “எந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைக்கலாம் என்று தோன்றியது?” படிக்காதவர்களால் இதற்குப் பதில் சொல்ல முடியாது. படித்தவர்களுக்கோ இதற்குத் தப்பான பதில் என்று ஒன்றே கிடையாது.

வாசிக்கத் தெரியாத, திணறுகிற பிள்ளைகளை என்ன செய்வது? எனக்கு இந்தப் போட்டி பிடித்துப்போனதற்குக் காரணமே இதற்குக் கிடைத்த விடைதான். ஒவ்வொரு ஜோடியையும் ஒருவர் சத்தமாக வாசிக்க வேண்டும் என்று வைத்தோம். முதலில் நானே வாசித்தேன். தொண்டை கட்டிப்போனது. அப்புறம் பெரிய பிள்ளைகளிடம் கொடுத்தேன். எட்டாம் வகுப்பு படிக்கும் ஒரு பையன், வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் வயிற்று வலி என்று சொல்கிறவன், இரண்டாம் வகுப்புக் குழந்தைகளுக்கு வாசிக்க ஒத்துக்கொண்டான். அவனுடைய வாசிப்பும் கிட்டத்தட்ட அந்த நிலையில்தான் இருந்தது என்பது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் சின்னப் பிள்ளைகளுக்காகச் சின்னப் புத்தகத்தை வாசிப்பதில் வெட்கம் இல்லை. அது அண்ணன் செய்கிற உதவி. முந்தின நாளே புத்தகத்தை வாங்கிக்கொண்டு போய், கரையில் கிடக்கும் வல்லத்தின் (படகின்) மேல் உட்கார்ந்து நாலைந்து தடவை படித்துப் பார்த்துவிட்டு வருவான். குரங்கு பேசும் இடத்தில் குரலை மாற்றினான். குழந்தைகள் இன்னொரு முறை என்று கேட்டார்கள். எட்டாம் வகுப்புப் பையனிடம் நேராக ‘எழுத்துக்கூட்டிப் படி’ என்று சொல்லியிருந்தால் மறுநாள் வந்திருக்கவே மாட்டான்.

வாசித்த பிறகு வாதம். ஒவ்வொரு புத்தகத்துக்கும் இரண்டு பேர் எழுந்து ஒரு நிமிடம் பேசலாம். ஏலக் கூடத்தில் வளர்கிற பிள்ளைகள், சரக்கைப் புகழ்ந்து விலை ஏற்றுவது எப்படி என்று அவர்களுக்கு நாம் கற்றுக்கொடுக்க வேண்டாம். எனக்கு மறக்காத வாதம் ஓர் ஆமைக் கதையைப் பற்றியது. அதில் தாய் ஆமை கரையேறி முட்டையிடும் படத்தில் வானத்தில் சூரியன். ஆறாம் வகுப்புப் பெண் எழுந்தாள். “பங்குனி ஆமை ராத்திரிதான் கரையேறும். எங்க மாமா கூட்டிட்டுப் போய்க் காட்டியிருக்காரு. இத வரைஞ்சவங்க பாத்ததில்ல” என்றாள். அந்தப் புத்தகம் அதோடு காலி. இன்னொரு முறை ‘கடல்பசு’ என்று போட்டிருந்த புத்தகத்தைப் பார்த்துவிட்டு ஒருவன், “இது ஆவுளியாதானே? ஏன் பசுன்னு எழுதியிருக்காங்க?” என்றான். அச்சில் இருப்பதெல்லாம் சரி என்று நம்பி வளர்ந்தவள் நான். அச்சில் இருப்பதை மடக்கலாம், தனக்குத் தெரிந்தது புத்தகம் எழுதினவருக்குத் தெரியாமல் இருக்கலாம் என்று இந்தப் பிள்ளைகள் பத்து வயதில் கண்டுபிடித்துவிட்டார்கள். ஆவுளியா புத்தகம், பெயர் பிடிக்காவிட்டாலும், அரை இறுதிவரை போனது.

ஓட்டுப் பெட்டி

கையைத் தூக்கச் சொல்லாதீர்கள். பெரிய பையன் எந்தப் பக்கம் தூக்குகிறானோ அந்தப் பக்கம் பத்துக் கை தூக்கும். மீன் அனுப்பும் தெர்மாகோல் பெட்டி எங்கள் ஊரில் எங்கும் கிடக்கும். இரண்டு பெட்டியைக் கழுவி, மூடியில் ஓட்டை போட்டு, துணி மறைப்புக்குப் பின்னால் வைத்தோம். ஆளுக்கு ஒரு சிப்பி. மறைப்புக்குள் போய் ஒரு பெட்டியில் போட்டுவிட்டு வர வேண்டும். (எவ்வளவு கழுவினாலும் வாசம் போகாது. முதல் ஆண்டுச் சாம்பியன் புத்தகம் இன்றும் லேசாகக் கருவாடு மணக்கிறது.) எண்ணும்போது எல்லோரும் சேர்ந்து சத்தமாக எண்ணுவார்கள். அந்தச் சத்தத்துக்கே தெருவில் போகிறவர்கள் எட்டிப் பார்ப்பார்கள்.

சமமாக விழுந்தால்? டாஸ் போடுவதைவிட, மறுநாள் இரண்டையும் இன்னொரு முறை வாசித்துவிட்டு மறுஓட்டு வைப்பது நல்லது. எங்களுக்கு ஒரு முறை 14–14 வந்தது. மறுநாள் 31 பேர் வந்தார்கள்.

பரிசு பற்றி

முதல் ஆண்டு, அதிகப் புத்தகம் படித்தவருக்குப் பரிசு என்று அறிவித்தேன். ஒரு பையன் ஒரே மாலையில் எட்டுப் புத்தகத்தையும் முடித்துவிட்டான். அதாவது புரட்டிவிட்டான். கதைச் சுருக்கங்கள் கைமாறின. ஒருத்தி தம்பியிடம் கதை கேட்டுவிட்டு வந்து ஒப்பித்தாள். பரிசு கொடுத்து முடித்த மறுநாள் கூடத்தில் ஐந்து பேர்.

இதை முன்பே ஆராய்ந்து வைத்திருக்கிறார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. 1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள், படம் வரைவதில் ஆசையுள்ள மழலைப் பள்ளிக் குழந்தைகளில் சிலரிடம் ‘வரைந்தால் சான்றிதழ்’ என்று முன்கூட்டியே சொன்னார்கள். சிலருக்கு வரைந்த பிறகு எதிர்பாராமல் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு ஒன்றும் இல்லை. சில நாட்கள் கழித்துப் பார்த்தால், பரிசு பேசி வரைய வைத்த குழந்தைகள் தாங்களாக வரைவது மற்ற இரு குழுவினரையும்விடக் குறைந்திருந்தது. பிடித்துச் செய்த ஒன்று கூலி வேலையாகிவிட்டது. இரண்டாம் ஆண்டிலிருந்து பரிசு கிடையாது. இறுதிப் போட்டி அன்று எல்லோருக்கும் சுண்டல், அவ்வளவுதான்.

பரிசுக்குப் பதில் ஆசையைத் தூண்ட இன்னொன்று இருக்கிறது: முன்கணிப்புச் சீட்டு. போட்டி தொடங்கும் முன்பே ஃபிக்சரின் நகல் ஒன்றை ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்து, எது எதை ஜெயிக்கும் என்று கடைசிவரை நிரப்பச் சொல்லுங்கள். எட்டுப் புத்தகத்துக்கு 7 ஆட்டம், ஒவ்வொன்றுக்கும் இரண்டு முடிவு. ஆக மொத்தம் 128 விதமாக நிரப்பலாம். பதினாறு புத்தகம் என்றால் 32,768 விதம். அதனால் முழுவதும் சரியாக யாரும் சொல்லிவிட மாட்டார்கள், அழுகையும் வராது. தான் சொன்ன புத்தகம் தோற்கப்போகிறது என்று தெரிந்தால் பிள்ளை அந்தப் புத்தகத்தை வீடு வீடாகக் கொண்டுபோய்ப் படித்துக் காட்டி ஓட்டுச் சேர்க்கும். காசு மட்டும் உள்ளே வரக் கூடாது. பத்து ரூபாய்ப் பந்தயம் என்று பெரிய பையன்கள் கிசுகிசுத்தது ஒருநாள் காதில் விழுந்தது, அந்த வாரம் சீட்டையே நிறுத்தி வைத்தேன்.

சிறந்த புத்தகம்தான் ஜெயிக்குமா?

கட்டாயம் இல்லை. இதைப் பிள்ளைகளிடம் ஒளிக்க வேண்டாம், இதுவே ஒரு நல்ல பாடம். மூன்று பேர், மூன்று மீன் என்று வைத்துக்கொள்வோம். முதல் ஆளுக்குச் சீலா முதலில், அடுத்து நண்டு, கடைசியாகக் கணவாய். இரண்டாம் ஆளுக்கு நண்டு, கணவாய், சீலா. மூன்றாம் ஆளுக்குக் கணவாய், சீலா, நண்டு. (நண்டு மீனா என்று ஒருவர் கேட்டார். சாப்பாட்டுக் கணக்கில் மீன்தான்.) சீலாவும் நண்டும் மோதினால் சீலா 2–1. நண்டும் கணவாயும் மோதினால் நண்டு 2–1. அப்படியானால் சீலாதான் எல்லாவற்றையும் ஜெயிக்கும் என்று தோன்றும். ஆனால் கணவாயும் சீலாவும் மோதினால் கணவாய் 2–1! வட்டம் முடிந்துவிட்டது. இந்த மூன்றையும் நாக்-அவுட்டில் விட்டால் பை யாருக்கு விழுகிறதோ அதுதான் எப்போதும் சாம்பியன். வரைந்து பாருங்கள், மூன்று விதத்திலும் அப்படியே வரும். கொண்டோர்செ என்ற பிரெஞ்சு அறிஞர் 1785-இல் எழுதிய சிக்கல் இது. இதை விளக்கியபோது ஒரு பெண், “அப்ப ஃபிக்சர் எழுதுறவங்க நெனச்சா ஜெயிக்க வைக்கலாமா?” என்று கேட்டாள். கபடிப் போட்டியில் அந்த அட்டை எழுதுகிறவரைச் சுற்றி ஏன் அவ்வளவு கூட்டம் என்று அவளுக்கு அன்றைக்குப் புரிந்தது.

அதே போல, இறுதியில் தோற்ற புத்தகம் இரண்டாவது சிறந்த புத்தகம் என்று அர்த்தமில்லை. முதல் சுற்றிலேயே சாம்பியனிடம் மாட்டி ஒரு ஓட்டில் வெளியேறியது அதைவிட நல்லதாக இருக்கலாம். இதற்கு அந்த அமெரிக்க நாவல் போட்டியில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். அரை இறுதி முடிந்ததும், வெளியேறிய புத்தகங்களில் வாசகர்கள் கேட்கும் இரண்டு உயிர்பெற்று மறுபடி ஆட்டத்துக்குள் வரும். நாங்கள் ஒன்றே ஒன்றைத் திரும்பக் கொண்டுவந்தோம். அதற்கு ‘கரையேறும் சுற்று’ என்று பிள்ளைகள் பெயர் வைத்தார்கள். தனக்குப் பிடித்த புத்தகம் தோற்றதும் மூன்று நாள் கூடத்துக்கே வராத ஒரு மூன்றாம் வகுப்புக் குழந்தை, இந்தச் சுற்று இருக்கிறது என்று கேள்விப்பட்டுத் திரும்பி வந்தாள், அம்மாவையும் ஓட்டுப் போடக் கூட்டிக்கொண்டு. அம்மா கடல்பாசி எடுக்கப் போய்விட்டு அப்போதுதான் கரைக்கு வந்திருந்தார். விதி விதிதானே, இரண்டு புத்தகத்தையும் கேட்டாக வேண்டும். கூடத்துப் படியிலேயே உட்கார வைத்து மகள் இரண்டையும் வாசித்துக் காட்டினாள். அம்மா கடைசியில் மற்றப் புத்தகத்துக்குப் போட்டுவிட்டார். அந்த வீட்டில் அன்றைக்குச் சோறு இறங்கியிருக்குமா என்று சந்தேகம்தான்.

தோற்ற புத்தகங்களை உடனே அலமாரிக்கு அனுப்பிவிடாதீர்கள். நம் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார். ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் உண்டு என்பது அவற்றில் ஒன்று. ‘தோற்றவை’ என்று எழுதி ஒரு கூடையில் போட்டு வாசலில் வைத்தோம். அதில் ஒரு ஓட்டு மட்டும் வாங்கிய ஒரு ரயில் புத்தகம் இருந்தது. அந்த ஒரு ஓட்டுக்காரன் அதை வீட்டுக்குக் கொண்டுபோனவன், இன்னும் திருப்பித் தரவில்லை. நானும் கேட்கவில்லை.

எப்போது நடத்துவது?

பள்ளிக்கூடத்தில் நடத்தினால் எந்த மாதமும் சரி. ஊரில் நடத்துவதானால் நம் கரைக்கு ஒரே காலம்தான் பொருந்தும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். படகுகள் கட்டிக் கிடக்கும், அப்பாக்கள் வீட்டில் இருப்பார்கள், வலை பின்னும் கூடத்தில் பகலெல்லாம் ஆள் இருக்கும், பிள்ளைகளுக்கும் பாதிக்கு மேல் விடுமுறை. பதினாறு புத்தகத்துக்கு 15 ஆட்டம் என்றால் நான்கு நாளைக்கு ஒன்று. சரியாகப் பொருந்தும். வருமானம் இல்லாத மாதங்கள் அவை, வீட்டில் முகங்கள் இறுகித்தான் இருக்கும். அதனாலேயே செலவில்லாத ஒரு சத்தம் கூடத்தில் கேட்பது நல்லது என்று எனக்குத் தோன்றும். வலை பழுதுபார்த்துக்கொண்டே கதை கேட்ட அப்பாக்கள் பாதி ஆட்டத்தில் “அந்த நரி என்ன ஆச்சு?” என்று கேட்பார்கள். அவர்களுக்கும் சிப்பி கொடுங்கள்.

இறுதிப் போட்டியை மட்டும் ஜூன் 10-க்குள் வைத்துவிடுங்கள். அதற்கு மேல் பெயின்ட் அடிப்பதும் டீசல் ஏற்றுவதும் தொடங்கிவிடும், கூடத்திலிருந்து வலைகளைத் தூக்கிப் படகுக்குக் கொண்டுபோவார்கள். முதல் ஆண்டு 14-ஆம் தேதி மாலை வைத்தேன். ஐஸ் வண்டி வந்த சத்தம் கேட்டதும் வாக்காளர்களில் பாதிப் பேர் எழுந்து ஓடிவிட்டார்கள், ஓட்டுப் பெட்டிகளில் ஒன்றையும் யாரோ மீன் போடத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.